ஷாட்கனுக்கு எந்த சைட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டை சீசன் நெருங்கும்போது ஷாட்கன் சைட் (குறிபார்க்க உதவும் கருவி) பற்றிய கேள்விகள் குவிய ஆரம்பிக்கும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வான்கோழி வேட்டைக்காக 12 கேஜ் பம்ப் ஷாட்கன் வாங்கினேன். கடைக்காரர் ரெட் டாட் போடச் சொல்கிறார். ரவை பரவித்தானே போகும், அதற்கு எதற்குக் குறி? (பென்சில்வேனியா வாசகர்)

கடைக்காரர் சொல்வது சரிதான். ரெட் டாட் என்பது கண்ணாடியில் ஒளிரும் சிவப்புப் புள்ளியைக் காட்டும் சைட். ரவை பரவும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. வான்கோழிக்கென்று செய்த இறுக்கமான சோக்கும் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல் நுனிக் குறுகல்) நல்ல தோட்டாவும் சேர்ந்தால், 20 கெஜத்தில் ரவைக் கூட்டத்தின் நடுப்பகுதி ஒரு கைமுஷ்டி அளவுக்குத்தான் இருக்கும். இப்போது டங்ஸ்டன் ரவை வேறு வந்துவிட்டது. ஈயத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி என்பதால், 9-ஆம் நம்பர் மாதிரிச் சின்ன ரவையே 40 கெஜத்தில் வேலையை முடித்துவிடும். குறி வைக்க வேண்டிய இடமோ பறவையின் தலையும் கழுத்தும் மட்டும். அதனால் பறக்கும் பறவையைச் சுடுவது போல உத்தேசமாக நீட்டிச் சுட முடியாது. ரைஃபிளைப் போலக் குறிபார்த்தே சுட வேண்டும்.

இன்னொரு காரணம் உட்காரும் விதம். மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கால் மேல் துப்பாக்கியை வைத்துக் காத்திருக்கிறீர்கள். பறவை எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. உடம்பை முறுக்கித் திரும்பும்போது கன்னம் துப்பாக்கியின் கட்டையிலிருந்து (தோளில் பதியும் பின்பகுதி) லேசாக எழும்பிவிடும். குழல் நுனியில் பீட் என்கிற சின்ன மணி மட்டும் இருந்தால் ரவை பறவையின் தலைக்கு மேலே போய்விடும். அருகில் வந்த பறவை தப்பிப் போவது பெரும்பாலும் இதனால்தான். ரெட் டாட்டில் கண் கொஞ்சம் விலகியிருந்தாலும், புள்ளி தெரிகிற இடத்தில்தான் அடி விழும்.

புள்ளியின் அளவு என்னைக் கேட்டால் 3 எம்.ஓ.ஏ. எம்.ஓ.ஏ. ஒரு கோண அளவு. ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். அந்தக் கணக்கில் 3 எம்.ஓ.ஏ. புள்ளி 40 கெஜத்தில் ஒன்றேகால் அங்குலத்தை மறைக்கும். 6 எம்.ஓ.ஏ. புள்ளி இரண்டரை அங்குலத்தை மறைத்துவிடும், அது தலையில் பெரும்பகுதி. வெளிச்சத்தையும் குறைத்தே வையுங்கள். விடிகாலை இருட்டில் பளிச்சென்று எரியும் புள்ளி பறவையையே விழுங்கிவிடும்.

பொருத்துவதற்கு முன் உங்கள் துப்பாக்கியின் ரிசீவரை, அதாவது குழல் பொருந்தும் நடு உடலைப் பாருங்கள். மாஸ்பெர்க் 940 புரோ டர்க்கி மாதிரிப் புதிய மாடல்களில் சின்ன ரெட் டாட் நேரடியாக உட்காரும்படி மேற்புறத்தையே வெட்டித் தருகிறார்கள். மாஸ்பெர்க் 500-இல் திருகு ஓட்டைகள் இருக்கும். ரெமிங்டன் 870-இல் பல மாடல்களில் அதுவும் கிடையாது. அப்படியானால் ட்ரிக்கர் பகுதியின் பின்கள் வழியாக மாட்டும் சேணம் போன்ற மவுண்ட் கிடைக்கிறது. எதுவானாலும் எவ்வளவு தாழ உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. ஷாட்கன் கட்டை ரிப் (குழலின் மேல் நீளமாக ஓடும் பட்டை) வழியாகப் பார்ப்பதற்காகச் செய்தது. சைட் உயரமாகப் போனால் கன்னம் படவேண்டிய இடத்தில் தாடைதான் படும். அப்போது கட்டை மேல் ஒட்டும் உயர்த்தி ஒன்றைப் போடவேண்டியிருக்கும்.

ரெட் டாட் மாட்டியாகிவிட்டது. எப்படி ஜீரோ செய்வது (புள்ளி காட்டும் இடத்திலேயே அடி விழும்படி சரிசெய்வது)? டங்ஸ்டன் தோட்டா விலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

முதலில் மலிவான, உதை குறைந்த டார்கெட் தோட்டாவை வைத்து 15, 20 கெஜத்தில் சுட்டு, கூட்டத்தின் நடுவைப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் காட்டுக்கு எடுத்துப்போகப் போகும் அதே தோட்டா, அதே சோக், 40 கெஜம். தோட்டா மாறினால் அடி விழும் இடமும் மாறும் என்பதால் இந்த இரண்டாவது கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. பெரிய தாளில் சுட்டு, ரவை மிக நெருக்கமாக விழுந்த இடத்தில் 10 அங்குல வட்டம் வரைந்து எண்ணுங்கள். வட்டத்துக்குள் 100 ரவை இருந்தால் அந்தத் தூரம் உங்களுக்குச் சரி என்பது வான்கோழி வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. இல்லையென்றால் 35 கெஜத்துக்கு வந்து மறுபடி பாருங்கள். கிடைக்கிற தூரம்தான் உங்கள் எல்லை.

எனக்குப் புள்ளி வட்டமாகத் தெரியவில்லை, வால் முளைத்த நட்சத்திரம் போலத் தெரிகிறது. சைட் பழுதா?

கைப்பேசி கேமராவை சைட்டின் பின்னால் வைத்துப் பாருங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் சைட்டில் கோளாறு இல்லை. உங்கள் கண்ணில் அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) இருக்கலாம். கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி போட்டும் சரியாகவில்லை என்றால் ப்ரிஸம் சைட் நல்ல மாற்று. அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கும், பாட்டரி தீர்ந்தாலும் தெரியும். ஒரே குறை, கண்ணை அதற்கு நெருக்கமாக வைக்க வேண்டும். 12 கேஜின் உதையில் அது புருவத்தில் வந்து இடிக்கலாம். மூன்றரை அங்குலமாவது தள்ளிப் பார்க்க முடிகிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓஹையோவில் மான் வேட்டைக்கு ஸ்லக் (ரவைக்குப் பதில் ஒரே பெரிய குண்டு) பயன்படுத்துகிறேன். ஸ்கோப்பா, ரெட் டாட்டா?

குழலைப் பொறுத்தது. உள்ளே வழவழப்பான குழலில் ஃபாஸ்டர் ஸ்லக் (உறையில்லாத சாதாரண ஈயக் குண்டு) போட்டால், நம்பிச் சுடக்கூடிய தூரம் சுமார் 75 கெஜம். அதற்கு ரெட் டாட்டே தாராளம். ரைஃபிளிங் (உள்ளே சுருள் பள்ளம்) உள்ள குழலில் சபோ ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் குண்டு) என்றால் 150 கெஜம் வரை எட்டும், அதற்கு 2-7 மடங்கு ஸ்கோப் வையுங்கள். 9, 12 மடங்கெல்லாம் வேண்டவே வேண்டாம். அடர்ந்த காட்டில் 30 கெஜத்தில் மான் குறுக்கே வந்தால் ஸ்கோப்பில் ரோமம் மட்டும்தான் தெரியும். ஷாட்கனுக்கென்று விற்கும் ஸ்கோப்களில் பாரலாக்ஸை (கண் நகர்ந்தால் குறியும் நகர்ந்தது போலத் தெரியும் பிழை) பெரும்பாலும் 75 கெஜத்துக்குச் சரிசெய்திருப்பார்கள். ரைஃபிள் ஸ்கோப்பில் அது 100 அல்லது 150 கெஜமாக இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் ரைஃபிள் ஸ்கோப்பை எடுத்து மாட்டும் முன் இதைக் கவனியுங்கள்.

மவுண்ட் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், கேண்டிலீவர் குழல் வாங்குங்கள். கழற்றி மாட்டும் குழல் ரிசீவருக்குள் இம்மியளவாவது அசையும். ஸ்கோப் ரிசீவரில் இருந்து, குழல் அசைந்தால் ஜீரோ நிலைக்காது. கேண்டிலீவரில் ஸ்கோப் குழலோடு சேர்ந்தே இருக்கும். சாவேஜ் 220 போன்ற போல்ட் ஆக்‌ஷன் ஸ்லக் துப்பாக்கிகளில் குழல் ரிசீவரோடு இறுகியிருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஸ்கோப் இருப்பதால் பைனாகுலர் தேவையில்லைதானே?

தேவை. ஸ்கோப்பால் எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கித்தான் குழலும் இருக்கிறது. புதர் அசைகிறது, என்னவென்று பார்ப்போம் என்று ஸ்கோப்பை உயர்த்துகிறீர்கள். அங்கே இன்னொரு வேட்டைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வான்கோழிக் காட்டில் எல்லோரும் தலை முதல் கால் வரை மறைப்பு உடையில், பறவையின் குரலையே எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இனங்காண பைனாகுலர். சுடப்போவது எது, அதற்குப் பின்னால் என்ன என்று உறுதியான பிறகுதான் துப்பாக்கி உயர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

கோவையில் ட்ராப் (பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டி) பயிற்சி எடுக்கிறேன். ரெட் டாட் போட்டால் ஸ்கோர் ஏறுமா?

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி போட்டியில் ஷாட்கனில் ஆப்டிகல் சைட்டுக்கு அனுமதி இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ட்ராப் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் ரிப்பையும் பீட்டையும் வைத்துத்தான் சுட்டார். விதியை விட்டுவிட்டாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 110 மில்லிமீட்டர் தட்டு பறக்கும்போது பார்வை தட்டில் நிலைக்க வேண்டும், புள்ளியைத் தேடி உள்ளே வரக் கூடாது. வலது தோளில் சுட்டு இடது கண் மேலோங்கினால், கண்ணாடியின் இடது வில்லையில் சின்ன மங்கல் டேப் ஒட்டிப் பாருங்கள். அப்புறம் கட்டை உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பயிற்சியாளரிடம் காட்டுங்கள். ஸ்கோர் அங்கேதான் ஏறும்.

40 டாலர் ரெட் டாட் போதுமா?

.22 ரைஃபிளுக்குப் போதலாம். மூன்றங்குல மேக்னம் தோட்டாவின் உதை அப்படியில்லை. உள்ளே மின்தொடர்பு விட்டுப்போகும், புள்ளி இடம் மாறும். 12 கேஜ் உதைக்கு உத்தரவாதம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். வாங்கிய பிறகு, மவுண்ட் திருகுகளில் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, குறிப்பேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) முடுக்குங்கள். முதல் பத்துத் தோட்டா சுட்டதும் மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.