ஐ.சி.யு.வில் வேலை பார்க்கும் பி.எஸ்சி. நர்ஸ் இன்றைக்கு எம்.எஸ்சி. நர்சிங் படிப்பது பிரயோஜனமா?

"ஐ.சி.யு.வில் இரண்டு வருஷமாக வேலை. வீட்டில் எம்.எஸ்சி. படி என்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் ஜெர்மன் கிளாஸுக்குப் போகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் தனியார் மருத்துவமனை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆள் குறையும் போதெல்லாம் டபுள் ட்யூட்டி பார்ப்பது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காதது, இதெல்லாம் நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். நானும் அதே வழியில் வந்தவள்தான். பி.எஸ்சி. முடித்து ஐ.சி.யு., அப்புறம் எம்.எஸ்சி.யில் மெடிக்கல் சர்ஜிக்கல், அப்புறம் புறநகரில் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டர் வேலை, இப்போது திரும்பவும் மருத்துவமனை.

என் பதில், படியுங்கள் என்பதுதான். ஆனால் உங்களை நோயாளியிடமிருந்து தள்ளிக்கொண்டு போகாத படிப்பாகத் தேடிப் படியுங்கள்.

முதலில் வெளிநாட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். "எம்.எஸ்சி. இருந்தால்தான் வெளியே போக முடியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு, இங்கிலாந்துக்குக் கணினித் தேர்வும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வும், ஜெர்மனிக்கு பி2 நிலை ஜெர்மன் மொழித் தேர்வும் பட்டத்துக்கான அங்கீகாரமும். எதற்கும் எம்.எஸ்சி. கேட்பதில்லை, பி.எஸ்சி.யும் நர்சிங் கவுன்சில் பதிவும் அனுபவமும் போதும். போவதுதான் முடிவு என்றால் அந்த இரண்டு வருஷத்தையும் கட்டணத்தையும் மொழிக்கும் தேர்வுக்கும் போடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. தனியார் ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் அங்கே ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

இனி எம்.எஸ்சி. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஒரு வருஷ அனுபவமும் வேண்டும். அனுபவம் உங்களிடம் இருக்கிறது, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷப் படிப்பு. மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்று பிரிவுகள். மெடிக்கல் சர்ஜிக்கலில் இருதயம், நரம்பு, சிறுநீரகம், புற்றுநோய், கிரிட்டிக்கல் கேர் என்று உட்பிரிவும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி எதில் போகிறது தெரியுமா? டிஸர்டேஷன் என்ற ஆய்வேட்டில். தலைப்புக்கு அலைவது, டூல் என்ற கேள்விப்பட்டியலுக்கு நிபுணர்களிடம் கையெழுத்து வாங்குவது, எத்திக்ஸ் கமிட்டி, சாம்பிள், புள்ளியியல் போட்டுத் தருபவர் வீட்டு வாசல், பைண்டிங் கடை. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேருடைய ஆய்வு "அமைப்பு முறையிலான கற்பித்தல் திட்டத்தின் பயன்" என்ற ஒரே அச்சில் இருந்தது. முன் தேர்வு, ஒரு வகுப்பு, பின் தேர்வு. வகுப்பு எடுத்ததும் மதிப்பெண் கூடும், அதை 'டி டெஸ்ட்' என்ற புள்ளியியல் கணக்குப் போட்டு நிரூபிப்போம். அந்த ஆய்வால் எந்த வார்டிலும் எந்த வேலையும் மாறவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அவ்வளவு உழைப்பு. அதே உழைப்பைப் படுக்கைப் புண் தடுப்பதிலோ, மருந்து மாறிப் போவதைக் குறைப்பதிலோ போட்டிருந்தால் அந்த மருத்துவமனைக்கே நன்மை கிடைத்திருக்கும்.

ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மேடம் இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன். வேலூர் சி.எம்.சி.யில் 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய மாநிலம் நம்முடையது. நல்ல ஆசிரியர்களும் நல்ல கல்லூரிகளும் இன்றைக்கும் இருக்கின்றன. நான் சொல்வது படிப்பின் அமைப்பைப் பற்றி. எம்.எஸ்சி. முடித்தவள் என்றால் வகுப்பறைக்குப் போகவேண்டியவள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நர்ஸ் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனால், "நீங்க எம்.எஸ்சி. மேடம், வார்டுல நிற்பீங்களா?" என்று கேட்பார்கள். நிற்பேன் என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எடுத்துக்கொண்டாலும் பி.எஸ்சி.க்கு என்ன சம்பளமோ அதே சம்பளம்.

நான் டியூட்டராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவிகளை ஒரு பெரிய மருத்துவமனைக்கு கிளினிக்கல் போஸ்டிங் கூட்டிப் போயிருந்தேன். பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. கட்டிலுக்கு இருவராகப் பிரித்துவிட்டு, ஒவ்வொருவரும் வைட்டல்ஸ், அதாவது நாடி, மூச்சு, பி.பி., ஜுரம் பார்த்து எழுதச் சொன்னேன். ஒரு பெண் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி, "மேம், நோட்டுல மூச்சு 20ன்னு இருக்கு. எனக்கு 34 வருது. நான் தப்பா எண்றேனா மேம்?" என்றாள்.

வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், மூச்சுக் கணக்கை யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. எல்லாக் கட்டிலுக்கும் 20, 22, 20, 22 என்று ஒரே வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். போய்ப் பார்த்தேன். குடல் அறுவை முடிந்து மூன்றாவது நாள். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. "எப்படிம்மா இருக்கு?" என்றதற்கு "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றார், அந்த வாக்கியத்தையே இரண்டு மூச்சில் சொன்னார். கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. கைவிரல் ஜில்லென்று இருந்தது. வாட்ச்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். அந்தப் பெண் எண்ணியது சரி. நாடி 118. ஜுரம் பெரிதாக இல்லை, பி.பி. இன்னும் விழவில்லை. பி.பி. விழாததால்தான் யாரும் கவனிக்கவில்லை.

ட்யூட்டி சிஸ்டரிடம் போனேன். அவரைக் குறை சொல்லவே மாட்டேன், வார்டு முழுக்க அவர் ஒருத்திதான், கூட ஒரு பயிற்சி நர்ஸ். "மேடம், காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் பார்த்துட்டாரே" என்றார். நானே பி.ஜி. (முதுநிலை படிக்கும்) டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னேன். மூச்சு 25ஐத் தொட்டாலே, 2012இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பீட்டில் அதற்கு மட்டும் மூன்று புள்ளி, ஒரு அளவுக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் புள்ளி அதுதான். அந்த மொழியில் சொன்னேன். அவர் உடனே வந்தார். வயிற்றைத் தொட்டதும் முகம் மாறியது. சாயந்திரம் அந்த அம்மாவை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்தார்கள், குடல் இணைத்த இடத்தில் கசிவு. பிழைத்துவிட்டார் என்று பிறகு அந்த சிஸ்டரே எனக்குப் போன் செய்து சொன்னார்.

மறுநாள் கல்லூரியில் என்னைக் கூப்பிட்டு, "உங்க வேலை ஸ்டூடன்ட்ஸைப் பார்க்கறது. அங்கே ட்ரீட்மென்ட் விஷயத்தில் தலையிட்டா போஸ்டிங் பர்மிஷனையே நிறுத்திடுவாங்க" என்றார்கள். அந்த மாணவியை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் நான் பாராட்டினேன், அவள் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் மருத்துவமனைக்கே திரும்புவது என்று முடிவெடுத்தேன். அந்த அம்மாவின் கழுத்தைப் பார்க்கத் தெரிந்தது ஐ.சி.யு. இரவுகளால். ஏன் அப்படி ஆகிறது, அதை டாக்டரிடம் எந்த வரிசையில் சொன்னால் கேட்பார் என்பது எம்.எஸ்சி. படித்ததால். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் மேல்படிப்புக்கு அர்த்தம். நம் ஊர் ஏற்பாடு அந்த ஆளைப் படுக்கையருகே நிற்க விடுவதில்லை.

இப்போது மாறியிருப்பது என்ன என்றால், இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த கிரிட்டிக்கல் கேர் (தீவிர சிகிச்சை) நர்ஸ் பிராக்டீஷனர் படிப்பு. நோயாளியைப் பரிசோதித்து, நெறிமுறைப்படி சிகிச்சையைத் தொடங்கவும் பயிற்சி பெற்ற நர்ஸ்தான் நர்ஸ் பிராக்டீஷனர். இதுவும் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்புதான், ஆனால் ரெசிடென்சி முறை. பாடம் 15 சதவீதம், மீதி 85 சதவீதமும் ஐ.சி.யு.வில் செய்முறை. டாக்டர் ஒருவரும் சீனியர் நர்ஸ் ஒருவரும் ப்ரீசெப்டராக இருந்து கையைப் பிடித்துச் சொல்லித்தருவார்கள். உடல் பரிசோதனை, ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனை, வென்டிலேட்டர், மருந்தியல், என்ன செய்தாய் என்று லாக் புக். ஒரு வருஷ அனுபவம் உள்ள பி.எஸ்சி. நர்ஸ் சேரலாம். ஐ.சி.யு.வில் இருக்கும் உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். இதில் படித்த என் தோழி, டாக்டர் வருவதற்குள் நோயாளியின் நிலையைத் தொகுத்து வைத்திருப்பாள், நெறிமுறைப்படி முதல் நடவடிக்கையைத் தொடங்கியிருப்பாள். அவளுடைய யூனிட்டில் கன்சல்டன்ட்டே அவளிடம் அபிப்ராயம் கேட்கிறார். ஆனால் அவள் அடையாள அட்டையில் இன்னும் ஸ்டாஃப் நர்ஸ் என்றுதான் இருக்கிறது. படிப்பை உண்டாக்கியவர்கள் பதவியையும் சேர்த்து உண்டாக்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் முதல் நர்ஸ் பிராக்டீஷனர் பயிற்சி 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து. இன்றைக்குப் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே அவர்கள் மருந்து எழுதலாம். 2004இல் அங்குள்ள நர்சிங் கல்லூரிகள் சங்கம், 2015க்குள் நர்ஸ் பிராக்டீஷனர் போன்ற உயர்நிலை நர்ஸுகளுக்கு முனைவர் பட்டம்தான் நுழைவுத் தகுதி ஆகவேண்டும் என்றது. எல்லோரும் அதற்கு வரவில்லை, ஆனால் மயக்க மருந்து நர்ஸுகளுக்கு 2022 முதல் சேர்பவர்கள் முனைவர் படிப்பில்தான் சேர முடியும். அங்கேயும் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஆன்லைன் படிப்புகள் பெருகி, ப்ரீசெப்டரை மாணவர்களே தேடி அலையவேண்டி இருக்கிறது, வார்டு அனுபவமே இல்லாமல் நேராகப் பிராக்டீஷனர் ஆகலாமா என்ற சண்டையும் ஓயவில்லை. அங்கே படிக்கும் என் சித்தி மகள் சொல்லச் சொல்ல, ஊர் எதுவானாலும் நோயாளியைத் தொடும் நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இங்கே சட்டமும் மாறியிருக்கிறது. 1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் 2023இல் வந்தது. பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021இல் செமஸ்டர், கிரெடிட் முறைக்கு மாறி சிமுலேஷன் லேபும் வந்துவிட்டது. வயதான மேடம்கள் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுக்கத் திணறுகிறார்கள். அதனால் வார்டு தெரிந்த இளம் ஆசிரியர்களுக்குத் தேவை இருக்கிறது. உங்களுக்குச் சொல்லித்தருவதில் உண்மையிலேயே ஆசை இருந்தால் எம்.எஸ்சி. எடுங்கள், அதில் தப்பே இல்லை.

சம்பளத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016இல் அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. சென்னையில் அது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். அரசு வேலைக்குப் போனவர்களும் சுகமாக இல்லை. தேர்வு எழுதி வந்த ஒப்பந்த நர்ஸுகள் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்து, 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் நர்ஸுகள் இங்கே நிறையப் பேர் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். இந்த ஊரில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரிய பாடு. "ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? கேட் பத்து மணிக்குப் பூட்டிடுவோம்" என்பார் வீட்டுக்காரர். நைட் ட்யூட்டி என்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்பார் வீட்டுக்கார அம்மா. கொரோனா நேரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களையும் பார்த்துவிட்டோம். அவர்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் முழித்திருக்கவேண்டும்? இதற்கு ஏதாவது ஒரு அரசு மகளிர் விடுதியாவது ஷிஃப்ட் நேரத்தைக் கணக்கில் எடுத்து நடத்தக்கூடாதா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் படிப்பானாலும் சேரும் முன் கல்லூரியின் சொந்த மருத்துவமனைக்கு ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். கட்டிலில் நோயாளி இருக்கிறார்களா என்று பாருங்கள், இன்ஸ்பெக்ஷனுக்காக மட்டும் நிரம்பும் மருத்துவமனைகள் உண்டு. சீனியர் மாணவிகளைத் தனியாகப் பிடித்து, வாரத்தில் எத்தனை நாள் வார்டு, ப்ரீசெப்டர் உண்மையில் வருகிறாரா, சாயந்திர ஷிஃப்ட் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கல்லூரிக்கும் நீங்கள் எடுக்கும் பிரிவுக்கும் கவுன்சில் அனுமதியும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்பதை இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வைத்துக்கொள்வோம் என்றால் அந்த இடம் வேண்டாம், என்னுடையதைத் திரும்ப வாங்க நான் பட்ட பாடு போதும். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் ஐ.சி.யு. என்று தெளிவாகக் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழை ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் வெறும் ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், கிரிட்டிக்கல் கேர் படிப்புக்கு ஐ.சி.யு. அனுபவம் இருந்தால்தான் முன்னுரிமை.