ஃபோர்னியில் வீடு எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

டெக்சாஸில் டாலஸ் பக்கம் ஃபோர்னியில் வீடு பார்த்ததாகவும், அது காஃப்மன் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) என்றதும் "ஆரியன் பிரதர்ஹுட்" என்ற வெள்ளை நிறவெறிச் சிறைக் கும்பல் அரசு வழக்கறிஞரைக் கொன்ற ஊராயிற்றே என்று வீட்டில் பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும் தம்பி. 2013இல் நான் இங்கேதான் இருந்தேன்.

ஜனவரி 31, நீதிமன்றத்துக்கு நடந்து போன உதவி வழக்கறிஞர் மார்க் ஹாஸைச் சுட்டுக் கொன்றார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாள் தலைமை வழக்கறிஞர் மைக் மெக்லெலண்டும் அவர் மனைவியும் வீட்டுக்குள்ளேயே பிணமாகக் கிடந்தார்கள். முந்தைய நவம்பரில்தான் ஹூஸ்டனில் இந்தக் கும்பலைச் சேர்ந்த 34 பேர் மீது வழக்குப் பதிந்திருந்தார்கள். காஃப்மன் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் அதில் உதவியிருந்தது. அதனால் எல்லார் வாயிலும் அந்தப் பேர்தான். அந்த வாரம் என் மனைவி இருட்டுவதற்குள் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுவாள்.

கடைசியில் பிடிபட்டவர் எரிக் வில்லியம்ஸ், அதே ஊரின் முன்னாள் நீதிபதி. கணினித் திரைகளைத் திருடிய வழக்கில் அவர் பதவி பறிபோகக் காரணம் அந்த இரண்டு வழக்கறிஞர்கள். அதற்குத்தான் பழிவாங்கினார். 2014இல் மரண தண்டனை கொடுத்தார்கள்.

அப்படியானால் கும்பலே பொய்யா? இல்லை. கலிஃபோர்னியாவின் சான் க்வென்டின் சிறையில் 1964இல் முளைத்தது மூலக் கும்பல். டெக்சாஸில் இருப்பது அதே பெயர் கொண்ட வேறொன்று, எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. அதுவரை இங்கே கைதிகளையே கங்காணிகளாக்கி, அவர்களை வைத்துத்தான் சிறையை அடக்கி ஆண்டார்கள். டேவிட் ரூயிஸ் என்ற கைதி போட்ட வழக்கில் நீதிமன்றம் அதை ஒழித்தது, நியாயமாகவே. ஆனால் போதுமான காவலர்களைப் போடவில்லை. அந்த வெற்றிடத்தில் கும்பல்கள் புகுந்தன. 1984, 85 இரண்டே ஆண்டில் 52 கைதிகள் கொலையானார்கள்.

வெள்ளை இனம் என்பது பேச்சு. பிழைப்பு மெத் என்ற போதைப்பொருள். வெட்டும் குத்தும் பெரும்பாலும் தங்கள் ஆட்களுக்குத்தான். விதியை மீறிய ஒருவன் உடம்பில் இருந்த கும்பலின் பச்சை குத்தலை ப்ளோடார்ச் என்ற தீ உமிழும் கருவியை வைத்துத் தீய்த்திருக்கிறார்கள். அந்த 34 பேரும் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஆனாலும் சிறையில் ஊறிய வெறுப்பு வெளியே வந்ததில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். 1998இல் ஜாஸ்பரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை பிக்கப் வண்டியின் பின்னால் சங்கிலியில் கட்டி மூன்று மைல் இழுத்துக் கொன்றார்கள். மூவரில் இருவர் சிறையில் வேறொரு சின்ன நிறவெறிக் கும்பலில் இருந்தவர்கள். அந்தச் செய்தியை இன்றும் என்னால் முழுசாகப் படிக்க முடியாது.

சரி, வீட்டு விஷயம். தாராளமாக எடுங்கள். 80ஆம் நெடுஞ்சாலையின் காலை நெரிசலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.