நெஞ்சு இறுக்கத்தை மறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 63 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் கோவையில் பைபாஸ் செய்தார்கள். மனைவி தனியாகத் தோட்டம் பார்க்கிறாள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்திருக்கிறாள். நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன். போன வாரம் படியேறும்போது நெஞ்சை இறுக்கியது. இன்னும் ஏன் சிரமம் கொடுப்பது என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் பாரமாகிவிட்டேனா?

பதில்: ஐயா, முதலில் அந்த நெஞ்சு இறுக்கம். இதைப் படித்த கையோடு மகளிடம் சொல்லி, ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போடச் சொல்லுங்கள். தையல் வலியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான். மறுபடி வந்து, உட்கார்ந்தும் சில நிமிடங்களில் அடங்காவிட்டால், அல்லது வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், உடனே 108. மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும் ஊரில் காத்திருந்து பார்க்கக் கூடாது.

பைபாஸுக்குப் பிறகு பலருக்கும் மனச்சோர்வு வருகிறது. தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது. உழைத்தே பழகியவர்களுக்கு அது பெரும்பாலும் ‘பாரம்’ என்ற எண்ணமாக வரும். எனக்குப் பயமே இந்த எண்ணத்தைப் பார்த்துத்தான். வலியை மறைக்க வைக்கும், செக்கப்பைத் தள்ளிப்போட வைக்கும், செலவு என்று மாத்திரையைக்கூட மிச்சம் பிடிக்க வைக்கும்.

நீங்கள் சும்மா உட்காரவில்லை. அறுத்த மார்பெலும்பு கூடி வரவே 6 முதல் 8 வாரம் ஆகும், முழு பலம் வர 3 மாதம்கூட ஆகலாம். அதற்குள் கொழுந்து மூட்டையில் கை வைக்க வேண்டாம். இலை எடை, ஃபேக்டரி ரசீது, ஆள்கூலி எல்லாம் உட்கார்ந்தே பார்க்கிற கணக்குதானே? அதை மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் சரி என்றதும் நடக்கலாம். விடிகாலைக் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி இதயத்துக்கு வேலை கூடும். அதனால் வெயில் ஏறிய பிறகு, மேடில்லாத ரோட்டில் நடங்கள்.

வீட்டில் வேலை கூடியிருப்பது உண்மைதான். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் அது பாரமா என்று அவர்களிடம் நீங்கள் கேட்கவே இல்லையே. இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு இருவரையும் உட்கார வைத்து, எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். மகளின் லீவு என்றால், எப்போது திரும்புவது என்று பேசி முடிவெடுக்கலாம். பணம் என்றால் சேர்ந்து கணக்குப் போடலாம்.

இரண்டு வாரமாகியும் மனசு தெளியவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. ‘நான் இல்லாமலே போயிருக்கலாம்’ என்று ஒரு தடவை தோன்றினாலும் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.