சி.பி. வேலைக்கு மகனை அனுப்பலாமா?

ஐயா, உங்கள் மகன் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான். எண்ணெய்க் குழாய்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் ‘கேத்தோடிக் புரொடக்‌ஷன்’ (சுருக்கமாக சி.பி.) பிரிவில் பயிற்சியாளராகச் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. “இது துரு தேய்க்கிற வேலையா, இதற்கா மூன்று வருடம் படிக்க வைத்தேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். துரு தேய்க்கிற வேலை இல்லை. துரு பிடிக்கவே விடாமல் மின்சாரத்தால் தடுக்கிற வேலை. அவன் படித்த படிப்பு இதில் வீணாகாது.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் போகும் வழியெல்லாம் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரிடத்தில் களிமண், அடுத்து மணல், ஓரிடத்தில் காற்று புகும், இன்னோரிடத்தில் புகாது. ஈரம் இருக்கிற மண்ணில் இந்த வித்தியாசமே போதும், குழாய் தானே ஒரு பேட்டரி ஆகிவிடும். மின்னோட்டம் குழாயை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் இரும்பு கரையும். கணக்கு எளிது: ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுக்க இப்படி வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். பரவலாகக் கரைந்தால் கூடத் தாங்கும். பூச்சு உரிந்த ஒரு சின்னப் புள்ளியில் மட்டும் கரைந்தால் குழாய் ஓட்டையாகிவிடும். பூச்சு பூசினால் போதாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எத்தனை நல்ல பூச்சிலும் எங்காவது ஒரு கீறல் இருக்கத்தான் செய்யும்.

அந்தக் கீறலுக்குக் காவல்தான் சி.பி. வெளியிலிருந்து குழாயை நோக்கி மின்னோட்டம் வரும்படி செய்துவிட்டால், கரைவதற்குப் பதிலாகக் குழாய் முழுவதும் கேத்தோடாக, அதாவது கரையாத முனையாக, நின்றுவிடும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, குழாயோடு மக்னீசியம் அல்லது துத்தநாகக் கட்டியைக் கம்பியால் இணைத்து மண்ணில் புதைப்பது. இரும்புக்குப் பதிலாக அது கரையும். அந்தக் கட்டிக்கு ஆனோடு என்று பெயர். கடல்நீரில் பெரும்பாலும் அலுமினியக் கலவைக் கட்டிகள். இன்னொன்று, ரெக்டிஃபயர், அதாவது மாற்று மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரமாக்கும் பெட்டி, வைத்து, மண்ணில் புதைத்த ஆனோடு வழியாகக் குழாய்க்கு மின்சாரம் கொடுப்பது. பல கிலோமீட்டர் நீளக் குழாய்க்கும் பெரிய தொட்டிகளுக்கும் பெரும்பாலும் இதுதான்.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடு கடலில் அரிக்காமல் இருக்க அதோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்தார். செம்பு அரிக்கவில்லை. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை பாசியையும் சிப்பியையும் அண்ட விடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் அவை கப்பலடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது. குழாய்களுக்கு இது வந்தது நூறு வருடம் கழித்து. 1928-இல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் எரிவாயுக் குழாய்க்கு ரெக்டிஃபயர் வைத்தார். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே அளக்கும் வோல்ட் மைனஸ் 0.85 அல்லது அதைவிடக் கீழே இருந்தால் குழாய் பத்திரம் என்ற அளவைச் சொன்னவரும் அவர்தான். உங்கள் மகன் வேலையில் சேர்ந்த முதல் நாளே இந்த எண்ணைக் கேள்விப்படுவான்.

சரி, அன்றாடம் என்ன செய்வான்? இதைத் தெரிந்துகொள்ள நான் ஒருமுறை ஒரு டெக்னீஷியனோடு கூடவே நடந்து பார்த்தேன். குழாய் போகும் வழியில் இடைவெளி விட்டு நட்டிருக்கும் டெஸ்ட் போஸ்ட் (குழாயோடு இணைத்த கம்பி மேலே வந்து முடியும் கம்பம்) ஒன்றின் மூடியைத் திறந்தார். திறக்கும் முன் ஒரு குச்சியால் தட்டினார், உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும் என்றார். பிறகு கையிலிருந்த ஹாஃப் செல்லை, அதாவது மண்ணில் ஊன்றிக் குழாயின் வோல்ட்டை அளக்க உதவும் குழலை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே மயில்துத்தக் கரைசல், அடியில் கரையாத நீலப் படிகம் கொஞ்சம். படிகம் மிச்சம் இருந்தால்தான் கரைசல் தெவிட்டியிருக்கிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் அளவையே நம்பக் கூடாது. காய்ந்த மண்ணில் ஒரு கை தண்ணீர் ஊற்றி, செல்லை அழுத்தி நிறுத்தி, மல்டிமீட்டரைப் பார்த்தார். மைனஸ் 1.20. நான் “பாஸ்தானே” என்றேன். “ரெக்டிஃபயர் அணையட்டும், பொறுங்கள்” என்றார். அது சில நொடிக்கு ஒருமுறை தானே அணைந்து எரியும்படி வைத்திருந்தார்கள். அணைந்த அந்தக் கணத்தில் மீட்டர் மைனஸ் 0.79 காட்டியது.

மைனஸ் 1.20-இல் ஒரு பங்கு குழாயினுடையதே இல்லை, மண்ணின் தடையைத் தாண்டும்போது விழுகிற வோல்ட். அது கழிந்தால்தான் குழாயின் நிஜ நிலை தெரியும். அந்த இடத்தில் 0.85 வரவில்லை. அவர் 0.79 என்றே எழுதினார். ஐயா, இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நல்லதாகத் தெரிகிற எண் பக்கத்திலேயே இருக்கும், கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். 1.20 என்று எழுதிவிட்டுப் போனால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. சில வருடம் கழித்து யாரோ ஒருவருடைய கிணற்றில் டீசல் மிதக்கும்.

தொட்டியில் வேலை இன்னும் நுணுக்கம். தொட்டியின் அடித்தகட்டுக்குக் கீழே போய் யாரும் பார்க்க முடியாது. விளிம்பில் நல்ல அளவு வந்தாலும் நடுவில் மின்னோட்டம் எட்டாமல் இருக்கலாம். அதனால் கட்டும்போதே அடியில் ஹாஃப் செல்லைப் புதைத்துவிடுவார்கள். தொட்டிக்குள்ளே ஆனோடு வைத்தால் தண்ணீர் தொடுகிற இடத்துக்கு மட்டும்தான் காவல். மேலே காற்றிடத்தில் சி.பி. வேலை செய்யாது, அங்கே பூச்சுதான்.

ஆபத்து இருக்கிறதா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. குழாய் உயர் அழுத்த மின் கம்பிகளுக்குக் கீழே நெடுந்தூரம் கூடவே ஓடினால் குழாயிலேயே மாற்று மின்சாரம் ஏறும். 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏற்பாடு செய்யாமல் தொடக் கூடாது என்பது துறையின் வழக்கம். ரெக்டிஃபயர் பெட்டியில் மின்சாரம், வெளியே வெயில், பாம்பு. பயிற்சியும் காலணியும் கையுறையும் கொடுக்காத இடம் என்றால் சேர வேண்டாம், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் சரி.

வளர்ச்சிக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. 1943-இல் அமெரிக்கக் குழாய்த் துறைப் பொறியாளர்கள் தொடங்கிய நேஸ் என்ற அமைப்பு 2021-இல் இன்னோர் அமைப்போடு சேர்ந்து ஆம்ப் ஆனது. அதன் சி.பி. சான்றிதழ் டெஸ்டர், டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட், ஸ்பெஷலிஸ்ட் என்று நாலு படி. ஐ.எஸ்.ஓ. 15257 என்ற தரநிலை வழியாக ஐந்து படி கொண்ட இன்னொரு முறையும் உண்டு. இரண்டிலும் மேல் படிக்கு ஏறக் கள அனுபவத்தைக் கேட்பார்கள். பயிற்சியாளர் வேலை அவனுக்குத் தருவது அதைத்தான். சான்றிதழ் வாங்கக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஒரு வருடம் மீட்டரோடு நடக்கட்டும். முதல் படிச் சான்றிதழின் செலவை நிறுவனமே ஏற்கிறதா என்று சேரும்போதே கேட்கச் சொல்லுங்கள். கூடவே, வடிவமைப்புப் பக்கம் போக வேண்டுமென்றால் பட்டப்படிப்பு கைகொடுக்கும், அதைப் பகுதி நேரமாக முடிக்கலாம். துறைமுகம், கடலடிக் குழாய், பாலத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி என்று இதே அறிவு போகிற இடங்கள் நிறைய. பல நாடுகளில் எரிவாயு, எண்ணெய்க் குழாய்களுக்கு சி.பி. சட்டப்படி கட்டாயம். குழாய் மண்ணுக்குள் இருக்கும்வரை யாராவது வந்து அளந்தாக வேண்டும்.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் வீட்டுக்கு வந்து தூங்க வேண்டும் என்பவர்களுக்கு முதல் சில வருடம் கஷ்டம். வேதியியல் என்றாலே ஓடுகிறவர்களுக்கும் கஷ்டம், ஏனென்றால் இதில் பாதி மின்சாரம், பாதி வேதியியல். எலெக்ட்ரிக்கல் பையன்கள் பலர் வயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ரெக்டிஃபயரின் இரண்டு வயரை மாற்றி இணைத்தால் என்ன ஆகும் தெரியுமா? காக்க வந்த மின்சாரமே குழாயைக் கரைக்கத் தொடங்கிவிடும். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் கூட அத்தனை வேகமாகப் போயிருக்காது. அதனால் சேரும் முன் பள்ளி வேதியியலில் மின்னாற்பகுப்புப் பாடத்தை ஒருமுறை புரட்டிவிடச் சொல்லுங்கள்.

பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது என்கிறீர்கள். அவனிடம் இரண்டு புது ஆணி, உப்புத் தண்ணீர் ஊற்றிய இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு துண்டு மக்னீசியம் நாடா கொடுங்கள். ஒரு ஆணியில் நாடாவை இறுக்கிச் சுற்றிப் போடட்டும், இன்னொன்றைச் சும்மா போடட்டும். அடுத்த நாளே சும்மா போட்ட ஆணியில் பழுப்பு நிறம் தெரியும். நாடா கரைந்து தீரும்வரை மற்ற ஆணி பளபளப்பாகவே கிடக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். காலையில் எழுந்ததும் அவன் தானாகப் போய்ப் பார்க்கிறானா, நாடா எப்போது தீர்ந்தது என்று நேரம் போட்டு எழுதுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். எழுதினான் என்றால் சம்மதக் கடிதம் அனுப்பிவிடுங்கள்.