பிசினஸ் இங்கிலீஷ் கோர்ஸுக்கு 22,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்தவன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆங்கிலத்தில் மெயில் எழுதவும் மீட்டிங்கில் பேசவும் பயமாக இருக்கிறது. பிசினஸ் இங்கிலீஷ் கோர்ஸ் ஒன்றுக்கு 22,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

இதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை. நானும் தமிழ் வழிதான். தாராபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது, அப்புறம் பி.காம். 2012இல் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். அதன்பிறகு கம்பெனி மாறியிருக்கிறேன், வேலை மாறவில்லை. வெளிநாட்டு பையருக்கும் இங்கிருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற வேலை இது. சாயம் சரியா என்று லேப் டிப் (சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு) அனுப்பி அப்ரூவல் வாங்குவது, அளவு பார்க்க ஃபிட் சாம்பிள், கட்டிங்குக்கு முன்னால் பி.பி. (ப்ரீ-புரொடக்‌ஷன்) சாம்பிள், கடைசியில் தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்பும் தேதி வரை எல்லாமே மெயிலில்தான் நடக்கும். ஒரு வார்த்தை தப்பாகப் போனால் துணி தப்பாகப் போகும்.

நீங்கள் எந்தத் துறை என்று சொல்லவில்லை. எட்டு மாதம் என்றால் ட்ரெய்னி காலம் முடிந்து, இனிமேல் நீங்களே நேரடியாக மெயில் போடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். பக்கத்து சீட்டில் கான்வென்ட்டில் படித்த ஒருவர் இருப்பார். அவர் போனில் பேசும்போது உங்களுக்கு அடிவயிறு இறுகும். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது, அதை வைத்தே எழுதுகிறேன்.

2013 பிப்ரவரியில் நடந்தது. டென்மார்க் பையர் ஒருவருக்குக் குழந்தைகள் டி-ஷர்ட், 12,000 பீஸ். ஷிப்மென்ட் தேதி மார்ச் 28. பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் அந்தப் பெண்மணியிடமிருந்து மெயில் வந்தது. கடையில் விளம்பரத் தேதியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் சரக்கை மார்ச் 14 அன்றே அனுப்ப வேண்டும் என்று. நான் உடனே பதில் போட்டேன்: 'நோட்டட் வித் தேங்க்ஸ்'. எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள், அதைப் பார்த்துப் பழகியது. ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து 'கிரேட்' என்று பதில் வந்தது.

அவர் எதற்குச் சந்தோஷப்படுகிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. மெயில் கிடைத்தது, புரொடக்‌ஷனில் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் என் மனசில் இருந்தது. சாயங்காலம் புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணனிடம் கேட்டேன். துணி இன்னும் டையிங்கிலேயே (சாயம் போடும் இடத்திலேயே) கிடக்கிறது, 28ஆம் தேதிக்கே மூச்சு முட்டும், 14 நடக்காது என்றார்.

சரி, அன்றைக்கே 'முடியாது' என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு எழுத வரவில்லை. 'இஸ்', 'வாஸ்' எல்லாம் தெரியும். ஒரு பெரிய இடத்து அம்மாவிடம் ஆங்கிலத்தில் மரியாதை கெடாமல் எப்படி மறுப்பது என்பதுதான் தெரியவில்லை. நான்கு நாள் டிராஃப்ட்டில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் போனது பதினெட்டு வரி. டையிங்கில் கூட்டம், கரண்ட், ஆள் பற்றாக்குறை எல்லாவற்றையும் சொல்லி, முடிவில் 'வீ வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட், கைண்ட்லி அட்ஜஸ்ட்' என்று முடித்திருந்தேன். அந்தப் பதினெட்டு வரியில் ஒரு தேதிகூட இல்லை. அவர் அதை, சிரமம்தான் ஆனாலும் செய்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் 8ஆம் தேதி, எந்தக் கப்பல் என்று விவரம் கேட்டு மெயில் வந்தபோது எல்லாம் வெளியே வந்தது. மேனேஜர் அண்ணன் என் டேபிளுக்கு வந்து, "ஏம்மா, யாரைக் கேட்டு 14ன்னு டேட் குடுத்தே?" என்றார். "நான் குடுக்கலைங்கண்ணா, நோட்டட்னுதான் போட்டேனுங்க" என்றேன். அவருக்கும் அதில் என்ன தப்பு என்று புரியவில்லை. முதலாளிக்குப் புரிந்தது. பாதிச் சரக்கை, 6,000 பீஸை, எங்கள் செலவில் ஏர் ஷிப்மென்ட் போட்டார்கள். இரண்டே கால் லட்சத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு என் சம்பளம் மாதம் 9,500 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு வருடச் சம்பளம். முதலாளி பிடித்தம் செய்யவில்லை, அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் ஆறு மாதம் எனக்கு வெளிநாட்டு மெயில் கொடுக்கவில்லை.

அந்த ஆறு மாதத்தில்தான் யோசித்தேன். எங்கள் கொங்கு பக்கம் 'சரிங்க' என்றால் ஒத்துக்கொண்டேன் என்று மட்டும் அர்த்தமில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் 'சரிங்க'தான். பெரியவர்கள் ஏதாவது சொன்னால் முதலில் 'சரிங்க', அப்புறம் நடக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். நான் 'நோட்டட்' என்று எழுதினது இந்தச் 'சரிங்க'வைத்தான். அந்த டென்மார்க் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? தேதி மாற்றம் கேட்டேன், மறுப்பில்லாமல் பதில் வந்தது, அப்படியானால் சம்மதம். அவர் பக்கம் தப்பே இல்லை.

ஹாஸ்டலில் என் ரூமில் இருந்த ஒரு தங்கச்சி, கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கின பெக் பிரிலிமினரி புத்தகத்தை வைத்திருந்தாள். கேம்பிரிட்ஜ் நடத்தின பிசினஸ் இங்கிலீஷ் பரீட்சை அது. பிரிலிமினரி, வான்டேஜ், ஹையர் என்று மூன்று படி. பிரிலிமினரியில் எழுத்துப் பகுதிக்கு இரண்டே கேள்வி. ஒன்று, ஆபீஸுக்குள் அனுப்பும் குறிப்பு, 30 முதல் 40 சொல். இன்னொன்று கடிதமோ மெயிலோ, 60 முதல் 80 சொல். இதில் இதைச் சொல்ல வேண்டும், இதைக் கேட்க வேண்டும் என்று புள்ளி புள்ளியாகக் கொடுத்திருப்பார்கள். அதில் ஒன்று விட்டுப்போனாலும் மார்க் போகும். எனக்குக் கண் திறந்தது அங்கேதான். நான் பதினெட்டு வரியில் சொல்லாமல் விட்டதை அவர்கள் 40 சொல்லில் சொல்லச் சொல்கிறார்கள். தினமும் ராத்திரி ஒரு கேள்வி எழுதுவேன், அவள் திருத்துவாள். பரீட்சைக்குக் கட்டணம் கட்ட அப்போது வசதி இல்லை, அதனால் சர்டிஃபிகேட் என்னிடம் கிடையாது. இதைச் சொன்னால், சர்டிஃபிகேட் இல்லாதவள் அறிவுரை சொல்ல வந்துவிட்டாள் என்று யாராவது கமென்ட் போடுவார்கள். போடட்டும்.

மறுபடியும் பையர் மெயில் கைக்கு வந்தபோது, அதே மாதிரி ஒரு தேதிப் பிரச்சினை வந்தது. இந்த முறை நான் எழுதினது: 'வீ கேனாட் ஷிப் தி ஃபுல் குவான்டிட்டி ஆன் 10 ஜூன். வீ கேன் ஷிப் 4,000 பீசஸ் ஆன் 10 ஜூன் அண்ட் தி பேலன்ஸ் ஆன் 24 ஜூன். ப்ளீஸ் கன்ஃபர்ம் பை ஃப்ரைடே.' அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, கோபப்படுவார்களோ என்று மத்தியானம் சாப்பிடக்கூட முடியவில்லை. மூன்று மணிக்குப் பதில் வந்தது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி, அப்படியே செய்யுங்கள் என்று. டேபிளிலேயே அழுதுவிட்டேன்.

அதனால் என் அனுபவத்தில் ஆபீஸ் ஆங்கிலம் என்பது, எதிரில் இருப்பவர் ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் எழுதுவது. முடியுமா முடியாதா, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதி. இந்த மூன்றும் மெயிலில் இருந்தால் ஒரு 'தி' விட்டுப்போனதை எந்த பையரும் கண்டுகொள்வதில்லை. இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். 'ஹேவ் ஷிப்டு' என்பதற்கும் 'வில் ஷிப்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதினால் அது பணப் பிரச்சினை. ஆனால் இலக்கணம் முழுசாக வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது.

நம் ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தில் சில வார்த்தைகள் வெளியே வேறு மாதிரி போய்ச் சேரும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் 'ரிவர்ட்' என்றால் பதில் தருகிறேன் என்று நினைக்கிறோம். பலருக்கு அதன் அர்த்தம் பழைய நிலைக்குத் திரும்புவது. டி-ஷர்ட் கழுத்துப் பட்டியின் (ரிப்) கலரைப் பற்றி 'வீ வில் ரிவர்ட்' என்று என் ஜூனியர் எழுதப்போய், பழைய கலருக்கே மாற்றப்போகிறோம் என்று பையர் பதறிவிட்டார். 'டவுட்' என்று எழுதினால் உங்கள் மேல் சந்தேகம் என்று தொனிக்கும், 'கொஸ்டின்' என்று எழுதுங்கள். 'டூ தி நீட்ஃபுல்' இங்கிலாந்தில் ஒரு காலத்தில் புழங்கினது, அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது, இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு. இருந்தாலும் டென்மார்க்கில் புரியாது. லட்சம் என்று எழுதாதீர்கள், 150,000 என்று எழுதுங்கள். தேதியை 05/06 என்று போட்டால் இங்கிலாந்துக்காரருக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

மீட்டிங் பயத்துக்கு எனக்கு உதவினது ஒரே ஒரு பழக்கம். அவர்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்வேன். 'ஜஸ்ட் டு கன்ஃபர்ம், யூ வான்ட் தி பிரின்ட் டூ சென்டிமீட்டர்ஸ் ஹையர், ரைட்?' புரியாவிட்டால் 'சாரி' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த இடம் புரியவில்லை என்று கேட்பேன். உடனே பதில் தெரியாவிட்டால் 'லெட் மீ செக், ஐ வில் டெல் யூ பை தர்ஸ்டே'. முடிந்ததும் பத்து நிமிடத்துக்குள் பேசினதையெல்லாம் நான்கு வரியில் மெயில் போட்டுவிடுவேன். தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இத்தாலிக்காரரும் டென்மார்க்காரரும் ஆங்கிலத்தைப் படித்துத்தான் பேசுகிறார்கள், நம்மைப் போலவே.

மீட்டிங் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். டென்மார்க், ஜெர்மனி நேரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அவர்கள் மாலை நாலு மணிக்கு போன் மீட்டிங் வைத்தால் இங்கே இரவு எட்டரை. முடித்து வெளியே வர ஒன்பதரை. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், தையல் லைன் பெண்களுக்கு வேன் உண்டு, ஆபீஸில் இருக்கும் எங்களுக்குக் கிடையாது. ஸ்டாஃப்தானே, வண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்கு நின்ற ராத்திரிகளை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. காலையில் ஒன்பதுக்கு அதே பஞ்ச். கம்யூனிகேஷன் ஸ்கில் வேண்டும் என்று பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார்களே, அந்த போன் மீட்டிங் முடிந்து அவள் எப்படி வீட்டுக்குப் போவாள் என்று ஒருவர் கேட்டதில்லை. சரி, விடுங்கள்.

இப்போது ஏ.ஐ. எழுதித் தருகிறதே, எதற்குப் படிக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் டையிங் முடிந்ததா, அண்ணன் எந்தத் தேதி சொன்னார் என்பது அதற்குத் தெரியாது. போன மாதம் ஒரு ஜூனியர் அதில் எழுதி அனுப்பிய மெயில் அவ்வளவு அழகாக இருந்தது. படித்துப் பார்த்தால், என் பழைய பதினெட்டு வரி மாதிரியே அதிலும் தேதி இல்லை.

ஐ.டி.யில் இருப்பவர்கள், வங்கியில் இருப்பவர்கள் அனுபவம் வேறாக இருக்கலாம். நான் பார்த்த உலகம் இது. இதைச் சொன்னால் தமிழ்ப் பற்று இல்லையா என்று ஒருவர் முன்பு கேட்டார். என் வீட்டுக் கணக்கு நோட்டுகூடத் தமிழில்தான் இருக்கிறது. ஆங்கிலம் எனக்குச் சோறு போடுகிற கருவி, அதைக் கூர்மையாக வைத்திருக்கிறேன்.

உங்கள் 22,000 ரூபாய்க்கு வருகிறேன். வேலைக்கு வருவதற்கு முன் நான் சேர்ந்த ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மூன்று மாதமும் செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷனும் குரூப் டிஸ்கஷனும்தான். அன்றைக்கு 3,000 ரூபாய், அப்பா கடன் வாங்கிக் கொடுத்தது. அந்தக் காசு மாதிரி உங்கள் காசும் போகக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு டெமோ வகுப்புக்குப் போங்கள். நீங்கள் போன வாரம் அனுப்பின மூன்று மெயிலைப் பிரின்ட் எடுத்து, கம்பெனி பேர், விலை எல்லாவற்றையும் மறைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். இதைத் திருத்தி, ஏன் திருத்தினீர்கள் என்று சொல்வீர்களா, வாரம் எத்தனை மெயில் இப்படிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். வாங்கிப் படித்துப் பார்த்து, இந்த வரியில் நீங்கள் கேட்பது என்ன என்று உங்களைத் திருப்பிக் கேட்டால், தவணையில் கட்டலாமா என்று கேட்டுச் சேருங்கள். சிலபஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினால் வந்துவிடுங்கள், அந்த மூன்று மெயிலையும் எனக்கு மெசேஜில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துச் சொல்கிறேன்.