குரோம்புக்குக்கு மாறலாம், ஆனால் பழைய லேப்டாப் இருக்கட்டும்

வணக்கம். பழைய விண்டோஸ் லேப்டாப் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, வேலை என்றால் மெயில், வங்கி, யூடியூப், மகளின் ஆன்லைன் வகுப்பு, மாதக் கடைசியில் ஒரு விண்டோஸ் கணக்கு மென்பொருள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் நான்குக்கும் குரோம்புக் (கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்) தாராளமாகப் போதும். ஐந்தாவதுதான் இடிக்கும். விண்டோஸ் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. இணையப் பதிப்பு இருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்குப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டியது, அப்டேட் முடியும் தேதி. 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்கு கூகுள் 10 ஆண்டு அப்டேட் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடலின் வன்பொருள் தளம் (உள்ளே இருக்கும் அடிப்படை வடிவமைப்பு) வெளியான நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மலிவு என்று பழைய ஸ்டாக்கை எடுத்தால் பாதி ஆயுள் அப்போதே போயிருக்கலாம். மாடல் எண்ணைப் போட்டு கூகுளின் உதவிப் பக்கத்தில் தேதியைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ரேம் 8 ஜிபி எடுங்கள். 4 ஜிபியில் வீடியோ வகுப்பு ஓடும்போது வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி லோடாகும். பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகும். எனக்கே நடந்திருக்கிறது.

இணையம் அடிக்கடி போகுமா? அப்படியானால் தேவையான கூகுள் டிரைவ் கோப்புகளை இணையம் இருக்கும்போதே ஆஃப்லைனுக்கு மாற்றி வையுங்கள். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் சேர்த்தால் போதும். பிரிண்டர் எந்த மாடல் என்று சொல்லுங்கள், அதையும் பார்த்துவிடலாம்.