‘நோன் நோன் பியோரி’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானியக் கிராமம் ஒன்றின் அன்றாட வாழ்வை நகைச்சுவையோடு சொல்லும் ‘நோன் நோன் பியோரி’ என்னும் மாங்காவையும் (ஜப்பானியச் சித்திரக்கதை) அதன் அனிமே (ஜப்பானிய அசைபடம்) வடிவத்தையும் சென்ற இதழில் அறிமுகப்படுத்தியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நகைச்சுவைத் தொடர் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு அத்தியாயங்கள் பார்த்துவிட்டேன். சிறுமிகள் நடக்கிறார்கள், பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள், வீடு திரும்புகிறார்கள். கதை எப்போது தொடங்கும்?
*பொள்ளாச்சி வாசகர்*

நீங்கள் பார்த்த இரண்டு அத்தியாயங்களிலேயே கதை தொடங்கிவிட்டது. தந்தையின் வேலை மாற்றத்தால் தோக்கியோவிலிருந்து வந்து சேரும் ஐந்தாம் வகுப்பு மாணவி ஹோதாருவின் வருகையால், நான்கு பேர் படித்த பள்ளி ஐந்து பேர் படிக்கும் பள்ளியாகிறது. இத்தொடரில் இதுவே பெரிய சம்பவம். இதைவிடப் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்து பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நகைச்சுவை இங்கே சம்பவத்தில் இல்லை, மனிதர்களின் சுபாவத்தில் இருக்கிறது. முதல் வகுப்பில் படிக்கும் ரெங்கே தான் பார்த்துப் பழகும் தனுகி என்னும் காட்டு விலங்குக்கு ‘கு’ என்று பெயர் வைக்கிறாள். குழம்பிலோ சோற்று உருண்டையிலோ போடும் காய்கறி, மீன் போன்றவற்றை ஜப்பானிய மொழியில் பொதுவாகக் குறிக்கும் சொல் அது. அந்த விலங்கைச் செல்லமாக வளர்க்கப் போகிறாளா, சமைக்கப் போகிறாளா என்ற ஐயம் கேட்பவருக்கு எழுகிறது. ரெங்கேயின் முகத்திலோ எந்தச் சலனமும் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில், எட்டாம் வகுப்பில் படித்தும் மிகக் குள்ளமாக இருக்கும் கோமாரி, தன்னைவிட மூன்று வகுப்பு இளையவளான ஹோதாரு நகரத்து உடையில் வந்து நிற்பதைப் பார்த்து, யாரோ வயதில் மூத்த பெண் என்று நினைத்து நடுங்குகிறாள். தன் மீது பேரன்பு வைத்திருப்பவள்தான் எதிரில் நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லும் தருணத்தை ஹோதாரு தவறவிட்டுக்கொண்டே போகிறாள். நண்பர்களோடு உட்கார்ந்து இந்த அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தலைப்பே இதைச் சொல்லிவிடுகிறது. ‘நோன்பிரி’ என்றால் அவசரமற்ற, ஆசுவாசமான நிலை. ‘பியோரி’ என்பது ஒன்றைச் செய்வதற்கு உகந்த நல்ல வெயில் நாளைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்து, சாவகாசமாக இருப்பதற்கென்றே விடிந்த ஒரு நாள் என்ற பொருளைத் தருகின்றன.

மாங்காவிலிருந்து தொடங்குவதா, அனிமேயிலிருந்தா?
*தஞ்சாவூர் வாசகி*

அனிமேயிலிருந்து தொடங்குங்கள். மூல நூலை முதலில் படிக்கவேண்டும் என்பதே என் வழக்கமான ஆலோசனை என்றாலும், இதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன்.

அட்டோ என்ற புனைபெயரில் எழுதும் ஓவியர் 2009 முதல் 2021 வரை ‘காமிக் அலைவ்’ மாத இதழில் வரைந்து, 16 தொகுதிகளாக வெளிவந்த மாங்கா இது. பக்கங்களில் நகைச்சுவை சற்று வேகமாக ஓடும், ஒரு கட்டத்தில் குறும்பு, அடுத்த கட்டத்தில் அதற்கான முகபாவம் என்று கண் தாவிக்கொண்டே போகும். இயக்குநர் கவாட்சுரா ஷின்யா, சில்வர் லிங்க் நிறுவனத்தில் 2013இல் இதை அனிமேயாக்கியபோது, அந்தக் கட்டங்களுக்கு இடையே இருந்த வெற்றிடத்தைத் திறந்துவிட்டார். ஒரு வசனம் முடிந்ததும் வயல்வெளி வருகிறது, அதன்மீது மேகத்தின் நிழல் நகர்கிறது, பிறகுதான் அடுத்த வசனம். மாங்காவில் வாசகர் தம் விருப்பப்படி நிறுத்திக்கொள்ளும் இடத்தை அனிமே தானே நிறுத்திக் காட்டுகிறது. அந்த நிதானம் பழகிய பிறகு மாங்காவுக்குப் போனால், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் அதே நிதானத்தோடு படிப்பீர்கள்.

2013இல் முதல் சீசன், 2015இல் இரண்டாம் சீசனான ‘ரிபீட்’, 2018இல் ஒகினாவா பயணத்தைச் சொல்லும் ‘வெக்கேஷன்’ திரைப்படம், 2021இல் மூன்றாம் சீசனான ‘நான்ஸ்டாப்’ என்பது வெளியான வரிசை. இந்த வரிசையிலேயே பாருங்கள். இரண்டாம் சீசன் முதல் சீசனுக்குப் பிந்தைய ஆண்டைச் சொல்வதில்லை, அதே ஆண்டுக்குத் திரும்பி, விட்டுப்போன நாட்களைச் சொல்கிறது. ரெங்கே பள்ளியில் சேரும் நாள், ஹோதாரு வருவதற்கு முந்தைய நாட்கள் ஆகியவை அதில்தான் வருகின்றன. பழைய ஆண்டு ஒன்றை நாமும் இப்படித்தான் நினைத்துப் பார்க்கிறோம், ஒருமுறை நினைத்தது போதாமல் திரும்பப் போய், மறந்திருந்த ஒரு மழை நாளை எடுத்துவருகிறோம். காலவரிசைப்படி அத்தியாயங்களைக் கலைத்து அடுக்கிப் பார்ப்பவர்கள் இந்த இன்பத்தை இழந்துவிடுகிறார்கள்.

நான் ஓர் ஆசிரியை. முதல் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஐந்து மாணவர்கள், ஒரே அறை, ஒரே ஆசிரியை. ஜப்பானில் இப்படி உண்மையில் உண்டா, அல்லது கற்பனையா?
*தேனி வாசகி*

பாதி உண்மை, பாதி மிகை. ஜப்பானில் ஆரம்பப் பள்ளி ஆறு ஆண்டுகள், அதையடுத்த நடுநிலைப் பள்ளி மூன்று ஆண்டுகள். மாணவர் குறைந்த இடங்களில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்தும் முறை அங்கே சட்டப்படியே இருக்கிறது, அதற்கு ‘ஃபுகுஷிகி கக்கியூ’ என்று பெயர். ஆரம்பப் பள்ளியில் இரு வகுப்புகளும் சேர்ந்து 16 பேருக்கு மிகாமல் இருந்தால் இணைக்கலாம் என்பது அளவுகோல், அவற்றுள் ஒன்று முதல் வகுப்பானால் 8 பேர். நடுநிலைப் பள்ளியிலும் 8 பேர்தான். ஆகவே முதல் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பது கதாசிரியர் எடுத்துக்கொண்ட உரிமை.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இணைப்பு வகுப்பை நடத்தும் ஜப்பானிய ஆசிரியர்கள் ‘வதாரி’, ‘சுராஷி’ என்ற இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டு, அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்ற வகுப்பின் பக்கம் போவது வதாரி. அப்படிப் போய்வர வசதியாக, இரு வகுப்புகளின் பாடக் கட்டங்களையும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகத் தள்ளி அமைப்பது சுராஷி. மிகவும் கவனம் கோரும் வேலை இது. தொடரில் வரும் ஆசிரியை கசுஹோ, ரெங்கேயின் மூத்த அக்கா, இந்தச் சங்கடத்துக்கே இடமில்லாமல் அனைவரையும் சுயமாகப் படிக்கச் சொல்லிவிட்டு மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுகிறார். உண்மையான இணைப்பு வகுப்பு எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தூக்கம் இன்னும் அதிகமாகச் சிரிப்பூட்டும்.

கதையில் வரும் அசாஹிகாவோகா கிளைப் பள்ளி கற்பனையானது, ஆனால் அந்த மரக் கட்டடத்துக்கு முன்மாதிரி இருக்கிறது. தோக்கியோவை அடுத்த சைத்தாமா மாநிலத்தில், கைத்தாள் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஒகாவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஷிமோசாத்தோ கிளைப் பள்ளியின் கட்டடம் அது. அந்தப் பள்ளியும் மூடப்பட்டுவிட்டது. ஜப்பான் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 450 பள்ளிகள் மூடப்படுகின்றன என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் கூறுகிறது. இதை அறிந்தபின் தொடரைப் பார்த்தால், ஐந்து மேசைகள் மட்டும் போடப்பட்ட அந்த வகுப்பறை நமக்கு முன்போலத் தெரிவதில்லை.

நான்காம் அத்தியாயத்தில் ரெங்கே வெறுமனே நிற்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று விளக்க முடியுமா?
*மதுரை வாசகர்*

எனக்கும் வந்தது. அந்தக் காட்சியைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடை விடுமுறையில், பாட்டி வீட்டுக்கு வந்த ஹொனோகா என்ற சிறுமியை ரெங்கே சந்திக்கிறாள். இருவருக்கும் ஒரே வயது. நாள்தோறும் சேர்ந்து சுற்றுகிறார்கள், ஹொனோகா தன் கேமராவில் படம் எடுக்கிறாள். ஒரு நாள் ரெங்கே விளையாடக் கூப்பிடப் போகிறாள், கதவைத் திறக்கும் பாட்டி, தந்தைக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டதால் ஹொனோகா ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்கிறார்.

அதன்பின் வசனம் இல்லை. ரெங்கே நிற்கிறாள், சட்டகம் மிக மெதுவாக அவள் முகத்தை நெருங்குகிறது. முகம் எப்போதும் போலவே இருக்கிறது. கண்கள் மட்டும் சற்றுப் பெரிதாகின்றன, பிறகு நீர் கோக்கிறது. வேறொரு தொடராக இருந்திருந்தால் இந்த இடத்தில் இசை உயர்ந்திருக்கும், பழைய காட்சிகள் வந்து போயிருக்கும், யாராவது அவளைக் கட்டியணைத்திருப்பார்கள். கவாட்சுரா எதையும் செய்யாமல் காத்திருக்கிறார். தனக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒரு ஆறு வயதுக் குழந்தை புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தை நமக்கும் கொடுக்கிறார்.

உங்கள் அழுகைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை இத்தொடர் வாய்திறந்து சொல்வதே இல்லை. அந்த ஊரில் முதல் வகுப்பில் படிப்பவள் ரெங்கே ஒருத்திதான். அவளுக்கு அக்காமார் இருக்கிறார்கள், அன்பாகப் பார்த்துக்கொள்ள மிட்டாய்க்கடை கயேதே இருக்கிறாள், எல்லாருக்கும் அவள் செல்லம். சமவயதுத் தோழி மட்டும் இருந்ததில்லை. அப்படி ஒருத்தி இருப்பது எப்படியிருக்கும் என்று அவள் தெரிந்துகொண்டதே அந்தச் சில நாட்களில்தான். பின்னர் தபாலில் ஹொனோகாவின் கடிதமும் புகைப்படமும் வந்து அவள் துள்ளுகிறாள், நமக்கும் நெஞ்சு இளகுகிறது. ஆனாலும் அந்த வாசற்படியில் அவள் நின்ற நேரம் மனத்தைவிட்டுப் போவதில்லை.

கோமாரியின் அண்ணன் சுகுரு ஏன் பேசுவதே இல்லை?
*சேலம் வாசகர்*

அது தொடர் முழுவதும் நீளும் வேடிக்கை. நான்கு சிறுமிகளின் அரட்டைக்கு நடுவே ஒன்பதாம் வகுப்புப் பையன் பேசி என்ன ஆகப்போகிறது? பின்னணியில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கவனியுங்கள், நிறையச் சிரிக்கலாம்.

‘நியான்பாசு’ என்பதற்கு என்ன பொருள்? தமிழில் எப்படிச் சொல்லலாம்?
*திருச்சி வாசகி*

பொருள் ஏதும் இல்லை. ரெங்கே தானாக உண்டாக்கிக்கொண்ட வணக்கச் சொல் அது, ஜப்பானிய மொழியில் பூனை கத்தும் ஒலியான ‘நியான்’ அதில் கேட்கிறது. ரெங்கேயின் பேச்சில் வாக்கியக் கடைசியில் ‘நோன்’ என்று ஒரு ஒட்டும் வரும், அதுவும் அவளுக்கே உரியது. தமிழில் எழுத நேர்ந்தால் வணக்கச் சொல்லை அப்படியே விட்டுவிடுவேன். வாக்கிய ஒட்டுக்கு, மழலை தொனிக்கும் ஏதாவது ஓர் ஈற்றசையைத் தேர்ந்து தொடர் முழுவதும் மாறாமல் பயன்படுத்துவேன். அவளை வட்டார வழக்கில் பேசவைப்பது மட்டும் தவறாகிவிடும். ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்றே மூலம் சொல்வதில்லை, பாத்திரங்களும் பொதுவழக்கு ஜப்பானிய மொழியையே பேசுகிறார்கள்.

கிராமத்தை நகரத்தார் கனவு காண்பதுபோல் காட்டுகிறது என்பது என் குற்றச்சாட்டு. உழைப்பு எங்கே, முதுமை எங்கே, கடன் எங்கே? நான் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன்.
*ஈரோடு வாசகர்*

உங்கள் குற்றச்சாட்டில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். வயல் எப்போதும் பசுமையாக இருக்கிறது, அதில் குனிந்து வேலை செய்பவர் அரிதாகவே தென்படுகிறார். நோயுற்ற முதியவர்கள் இல்லை. வட்டார வழக்கு இல்லாததும் ஒரு குறையே, ஏனென்றால் வழக்குச் சொல் இல்லாத ஊர் எந்த ஊராகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் எதுவுமே தெரியாமல் வரையப்பட்ட கிராமம் என்று இதைச் சொல்லமாட்டேன். ரெங்கேயின் இரண்டாவது அக்கா ஹிகாகே உயர்நிலைப் படிப்புக்காகத் தோக்கியோவில் இருக்கிறாள், விடுமுறைக்கு மட்டும் வருகிறாள். மிட்டாய்க்கடை நடத்தும் கயேதே, ஐந்து பிள்ளைகளை நம்பி மிட்டாய் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்பதால் பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுவது வரை கைக்கு எட்டிய தொழிலையெல்லாம் செய்கிறாள். இவை வேடிக்கையாகவே சொல்லப்படுகின்றன, ஆனால் கிராமங்கள் ஆளற்றுப் போவதைத் தடுக்க 1970இலேயே தனிச் சட்டம் கொண்டுவர நேர்ந்த நாட்டு வாசகர்களுக்கு இதன் பின்னணி தெரியும்.

வயலைப் பற்றிய ஒன்றையும் உங்களுக்குக் காட்ட வேண்டும். இரண்டாம் சீசனில் ரெங்கே ‘கபுத்தோஎபி’ என்னும் சிற்றுயிரை வளர்க்கிறாள். நடவுக்காக வயலில் நீர் கட்டும்போது மண்ணிலிருந்து தோன்றி, ஓரிரு மாதங்களில் மடிந்துவிடும் உயிர் அது. அதன் முட்டைகள் வயல் காய்ந்த பின்னும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் வரும்போது பொரிக்கும். ரெங்கேயின் உயிர்களும் மடிகின்றன, அவள் துவண்டுபோகிறாள், பிறகு எஞ்சிய முட்டைகளிலிருந்து புதியவை பிறக்கின்றன. நெல்வயலின் நீரோடும் வறட்சியோடும் பழகிய ஒருவருக்கு இந்த அத்தியாயம் நகரத்தாரின் கனவாகத் தோன்றாது என்று நம்புகிறேன். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், உங்கள் கருத்து மாறவில்லை என்றாலும் அதை இங்கே வெளியிடுவோம்.

உழைப்பையே மையமாகக் கொண்ட ஒன்று வேண்டுமானால் அரகாவா ஹிரோமுவின் ‘சில்வர் ஸ்பூன்’ மாங்காவைப் படியுங்கள். ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பண்ணைக் கடனும், வளர்த்த பன்றியை இறைச்சிக்கு அனுப்பும் துயரமும் அதில் நேரடியாகவே பேசப்படுகின்றன.

மூன்று சீசன்களிலும் ஒரே ஆண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்றீர்கள். அப்படியானால் இவர்கள் வளரவே மாட்டார்களா?
*புதுச்சேரி வாசகி*

வளர்கிறார்கள். ‘நான்ஸ்டாப்’ கடைசி அத்தியாயத்தின் தலைப்பே செர்ரி மரம் மீண்டும் பூத்ததைச் சொல்கிறது. 2021 தொடக்கத்தில் மாங்காவும் அனிமேயும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிறைவை எட்டின. சுகுரு ஒன்பதாம் வகுப்பை முடித்து வெளியேறுகிறார். ஊர்க் காவலரின் மகள் ஷியோரி பள்ளியில் சேரும் வயதை எட்டுகிறாள். ஒரு மேசை காலியாகி, அந்த இடத்தில் இன்னொரு சிறிய மேசை வருகிறது, எண்ணிக்கை மறுபடியும் ஐந்துதான். அத்தனை நாளும் எல்லாரிலும் இளையவளாக இருந்த ரெங்கேயை, அக்கா என்று அண்ணாந்து பார்க்க இப்போது ஒருத்தி இருக்கிறாள்.